பனியில் வெடித்த எஞ்சின் பிளாக்: வெல்டிங் வைக்கலாமா?

கேள்வி:

ஐயா, எங்களிடம் போர்வெல் போடும் ரிக் வண்டிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று ஊர்ப் பக்கமே ஓடுகிறது. இன்னொன்றை இந்த வருடம் லடாக்கில் லே பக்கம் அனுப்பினோம். நவம்பர் தொடக்கத்தில் கம்ப்ரசர் எஞ்சினின் ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்து கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும், எளிதில் உறையாத திரவம்) முழுவதும் கொட்டிவிட்டது. கையில் வேறு கூலண்ட் இல்லாததால் பச்சைத் தண்ணீரை ஊற்றி அன்றைய போரை முடித்திருக்கிறார்கள். இரவு தண்ணீரை இறக்கவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தபோது பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணீர் கசிவதைப் பார்த்து, ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள். ஆறு சிலிண்டர் எஞ்சின், வெட் லைனர் (சிலிண்டருக்குள் செருகியிருக்கும், வெளியே தண்ணீர் சூழ்ந்த குழாய்). இரண்டு டம்மி பிளக்குகளுக்கு (பிளாக்கின் பக்கவாட்டு ஓட்டைகளை மூடும் மூடிகள்) நடுவே, படுக்கைவாட்டில், எட்டு அங்குல விரிசல். அங்கிருக்கும் வெல்டர் ஆர்க் வெல்டிங் வைத்தால் போதும், அரை நாள் வேலை என்கிறார். எங்கள் மேனேஜர் எம்-சீல் (எபாக்சி பசை) போட்டு, போர் போட மிச்சம் இருக்கும் பாயிண்ட்டுகளை முடித்துவிடலாம் என்கிறார். புது பிளாக் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. வெல்டிங் வைக்கலாமா? ரிப்பேர் செய்த பிளாக்கை நம்பி ஓட்டலாமா? எஞ்சினை ஊருக்கே கொண்டுவந்துவிடவா? இன்சூரன்ஸில் ஏதாவது கிடைக்குமா? நஷ்டத்தை டிரைவர் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று என் பங்குதாரர் சொல்கிறார், அது சரியா?

வாசகர், திருச்செங்கோடு

பதில்:

வெல்டிங் வேண்டாம். எம்-சீலும் வேண்டாம். நீங்கள் சொல்லும் இடத்தில் மட்டும்தான் விரிசல் என்றால் அந்த பிளாக்கைக் காப்பாற்றிவிடலாம், பிறகு நம்பியும் ஓட்டலாம். ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இதைப் படித்தவுடன் லேவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

எஞ்சினில் மிச்சம் இருக்கும் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் இறக்கச் சொல்லுங்கள். விரிசல் வழியாகத்தான் எல்லாம் போய்விட்டதே என்று அங்கே நினைப்பார்கள். விரிசலுக்கு மேலே இருந்தது மட்டும்தான் போயிருக்கும். அதற்குக் கீழே ஜாக்கெட்டில், அதாவது பிளாக்குக்குள் தண்ணீர் ஓடும் இடத்தில், நிற்கும் தண்ணீர் இன்று இரவும் உறையும், நாளை இரவும் உறையும், ஒவ்வொரு முறையும் விரிசல் கொஞ்சம் நீளும். ரேடியேட்டரின் டிரெய்ன் காக்கைத் திறந்தால் ரேடியேட்டர்தான் காலியாகும். பிளாக்குக்கென்று பக்கவாட்டில் தனி டிரெய்ன் பிளக் இருக்கும், அதைக் கழற்ற வேண்டும். கழற்றியும் தண்ணீர் வரவில்லை என்றால் காலி என்று அர்த்தம் இல்லை. துருவும் சேறும் ஓட்டையை அடைத்திருக்கும். ஒரு கம்பியை விட்டுக் குத்தி எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே பனிக்கட்டியாகவே நின்றால் வெயில் ஏறிய பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும். வாட்டர் பம்ப்பின் அடி, ஆயில் கூலர், கீழ் ஹோஸின் வளைவு, இந்த மூன்று இடங்களிலும் தண்ணீர் தங்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தால்தான் காற்று புகுந்து முழுதாக இறங்கும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அந்தப் பக்கத்தில் குளிர்காலத்தில் சம்ப்புக்கு (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு) அடியில் ஸ்டவ்வோ விறகோ மூட்டி, எஞ்சினைச் சூடாக்கி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் உண்டு. வெடித்த பிளாக்குக்கு அதைச் செய்யவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் சூடேறினால், இருக்கிற விரிசல் போகக் கூடாத இடத்துக்குப் போய்விடும்.

சரி, இப்போது விரிசலுக்கு வருவோம்.

தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடுகிறது. பிளாக்கின் வெளிச்சுவர் வார்ப்பிரும்பு, பெரும்பாலும் சில மில்லிமீட்டர் கனம்தான். எஃகுத் தகடாக இருந்தால் கொஞ்சம் புடைத்துக் கொடுக்கும். வார்ப்பிரும்பில் கார்பன் 3 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. அது இரும்புக்குள் சின்னச் சின்ன கிராஃபைட் செதில்களாகப் படிந்திருக்கும். அமுக்கினால் அருமையாகத் தாங்கும், இழுத்தால் நீளவே நீளாது, செதிலோடு செதிலாகப் பிளந்துவிடும். டம்மி பிளக் இருக்கிறதே, பனி வந்தால் அது கழன்று பிளாக்கைக் காப்பாற்றிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த ஓட்டைகள் வார்க்கும்போது உள்ளே இருக்கும் மணலை வெளியே எடுப்பதற்காக விட்டவை. அதிர்ஷ்டம் இருந்தால் பிளக் முதலில் கழலும். உங்களுக்கு இரண்டு பிளக்குக்கும் நடுவே இருந்த சுவர் முதலில் போய்விட்டது. பனியால் வரும் விரிசல் வழக்கமாக இப்படித்தான் இருக்கும்: வெளிச்சுவரில், படுக்கைவாட்டில், நீளமாக.

இதில் உங்களுக்குச் சாதகமான விஷயம் இருக்கிறது. வெளிச்சுவர் எஞ்சினின் பாரத்தைச் சுமப்பதில்லை. டர்போ டீசல் எஞ்சினில் எரியும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் 100 பாரைத் தாண்டும். அந்த விசை ஹெட் போல்ட் வழியாக பிளாக்கில் இறங்கி, கிராங்க் ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் மெயின் பேரிங் கேப் வரை போகிறது. அந்த வழியில் எங்கே விரிசல் விட்டாலும் நான் பயப்படுவேன். மெயின் பேரிங் உட்காரும் இடத்தில் விரிசல் என்றால் எந்த ரிப்பேரும் வேண்டாம், பிளாக்கை மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். ஓடும்போது அந்த இடம் விட்டுக்கொடுத்தால் கிராங்க்கோடு சேர்ந்து எல்லாமே போகும், பக்கத்தில் நிற்கும் ஆளுக்கும் ஆபத்து. வெளிச்சுவருக்கு அப்படி இல்லை. அது தாங்க வேண்டியது கூலண்டின் அழுத்தத்தை மட்டும், ரேடியேட்டர் மூடி விடும் அளவு, ஏறக்குறைய 1 பார். அதனால்தான் காப்பாற்றலாம் என்கிறேன்.

ஆனால் கண்ணுக்குத் தெரிகிற விரிசலை வைத்து மட்டும் முடிவு எடுக்காதீர்கள். இந்தப் பதிலில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். வெளிச்சுவரை உடைத்த அதே பனி உள்ளேயும் அமுக்கியிருக்கும். வெட் லைனர் எஞ்சினில் லைனரைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறது. அது உறையும்போது லைனரை உள்பக்கமாக நெரிக்கும். லைனரின் அடியில் ஓ-ரிங் உட்காரும் வளையம் பிளாக்கிலேயே வார்த்த பகுதி; அது கீறியிருந்தால் தண்ணீர் நேராக சம்ப்புக்குள் இறங்கும். ஆயில் கேலரியை (பிளாக்குக்குள் ஆயில் ஓடும் வழியை) ஒட்டியுள்ள சுவர் கீறியிருந்தால் எஞ்சின் ஓடும்போது ஆயில் தண்ணீரில் கலக்கும், ஏனென்றால் அப்போது ஆயில் அழுத்தம்தான் அதிகம். நிறுத்திய பிறகு தண்ணீர் ஆயிலுக்குள் வரும். ஹெட், ஆயில் கூலர், வாட்டர் பம்ப் இவையெல்லாமும் அதே இரவில் அதே குளிரில்தான் இருந்தன. எட்டு அங்குலத்தை அழகாக மூடிவிட்டு, ஸ்டார்ட் செய்த மறுநாள் டிப்ஸ்டிக்கில் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியில்) பால் மாதிரி ஆயில் வந்தால் செய்த செலவு அத்தனையும் வீண்.

ஆகவே எஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டும். முதலில் சம்ப் பிளக்கைக் கொஞ்சமாகத் தளர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஆயிலை விடக் கனம், அடியில் நிற்கும், கலந்திருந்தால் அதுதான் முதலில் வரும். ஆனால் லேயின் குளிரில் அந்தத் தண்ணீரே கட்டியாக நிற்கலாம், பிளக்கைக் கழற்றினாலும் வராது. எனவே எஞ்சின் சமவெளிக்கு இறங்கி வந்த பிறகு இந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள். அப்புறம் ஹெட்டைக் கழற்றி, லைனர்களை உருவி, ஒவ்வொரு லைனரையும் போர் கேஜ் (உள்விட்டம் அளக்கும் கருவி) வைத்து மேல், நடு, அடி என்று இரண்டு திசையிலும் அளக்க வேண்டும். நெரிந்த லைனரை மாற்றிவிடலாம், அது பெரிய விஷயம் இல்லை. லைனர் உட்காரும் இடத்தில்தான் கவனம் வேண்டும்.

அடுத்தது டை பெனட்ரண்ட் சோதனை, மை அடித்து விரிசலைக் கண்டுபிடிக்கும் முறை. மூன்று ஸ்ப்ரே டப்பாக்கள், அவ்வளவுதான், செலவு சொற்பம். விரிசலைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, எண்ணெய்ப் பசையைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். கிரைண்டர் வைத்துத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் இரும்பு இழுபட்டு விரிசலின் வாயே மூடிக்கொள்ளும். சிவப்பு மையை அடித்துவிட்டுப் பத்து இருபது நிமிடம் விட வேண்டும். பிறகு மேலாக இருக்கும் மையைத் துணியால் துடைக்க வேண்டும். துணியில் கிளீனரை நனைத்துத் துடைக்கலாம், இரும்பின் மேல் நேராக அடித்துவிட்டால் விரிசலுக்குள் போன மையும் கழுவிக்கொண்டு போய்விடும். கடைசியாக வெள்ளை டெவலப்பர். உள்ளே ஒளிந்திருந்த சிவப்பு அந்த வெள்ளையில் கோடாக ஊறி வரும். அப்போதுதான் எட்டு அங்குலம் உண்மையில் எட்டா, பத்தா என்று தெரியும். கண்ணுக்குத் தெரியும் முனையைத் தாண்டி விரிசல் மயிரிழையாக ஓடியிருப்பது சகஜம். அந்த உண்மையான முனையைப் பிடிக்காமல் செய்யும் எந்த ரிப்பேரும் நிற்காது.

இப்போது உங்கள் முதல் கேள்வி, வெல்டிங். ஆர்க் வைக்கும் இடத்தில் இரும்பு உருகுகிறது. இரண்டு விரல் தள்ளி பிளாக் ஜில்லென்று இருக்கிறது. சூடான கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் பட்ட கதைதான். உருகிய இடம் ஆறும்போது சுருங்கி இரண்டு பக்கத்தையும் இழுக்கும், வார்ப்பிரும்போ நீளத் தெரியாத உலோகம். அது மட்டும் இல்லை. வேகமாக ஆறும்போது அந்தக் கார்பன் மறுபடி கிராஃபைட்டாகப் பிரிய நேரம் கிடைக்காது. வெல்டை ஒட்டிய பகுதி கடினமாகி, அரம் வைத்தால் வழுக்கும் அளவுக்கு இறுகிப்போகும். இறுகிய இடம் நொறுங்கும். வெல்ட் வைத்த கொஞ்ச நேரத்தில் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும், பார்த்தால் வெல்டுக்குப் பக்கத்தில், அதற்கு இணையாக, புது விரிசல் ஓடியிருக்கும். இந்தச் சத்தத்தைக் கேட்காத வெல்டர் இருக்க மாட்டார். அதுவும் லேயின் குளிர்காற்றில், திறந்த வெளியில், சாதாரண எஃகு ராடு வைத்து அரை நாளில் முடிக்கிறேன் என்பவரிடம் பிளாக்கைக் கொடுத்தால், இன்று பின்களால் தைக்கக்கூடியதாக (ஸ்டிச்சிங், அதைக் கீழே சொல்கிறேன்) இருக்கும் நேர் விரிசல் நாளை நாலு கிளை விட்டு, தைக்கவே முடியாத இடமாகிவிடும். வெல்ட் வைத்துக் கெட்ட பிளாக்கை ஸ்டிச்சிங் செய்ய வேண்டுமானால், அந்த இறுகிய இரும்பில் டிரில்லே இறங்காது.

அதற்காக வார்ப்பிரும்பை வெல்ட் செய்யவே முடியாது என்று சொல்ல மாட்டேன். நிக்கல் ராடு வைத்து, ஒரு அங்குலத்துக்கு மேல் போகாமல், ஒவ்வொரு துண்டையும் சூடாக இருக்கும்போதே சுத்தியால் தட்டி, கை வைக்கும் அளவு ஆறிய பிறகு அடுத்த துண்டை வேறு இடத்தில் வைப்பார் நல்ல வெல்டர். உடைந்த காது, மவுண்டிங் கால், பிராக்கெட், இவற்றுக்கெல்லாம் அது சரியான முறை. தண்ணீர் கசியக் கூடாத மெல்லிய சுவருக்கு அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். இன்னொரு முறையில் பிளாக்கையே உலையில் 600 டிகிரி பக்கம் சூடாக்கி, வார்ப்பிரும்பு ராடு வைத்து கேஸில் உருக்கி, பிறகு ஒன்றிரண்டு நாள் மெதுவாக ஆற விடுவார்கள். சரியாகச் செய்தால் உறுதியான வேலை. ஆனால் அவ்வளவு சூடு கண்ட பிளாக் கொஞ்சமாவது கோணும். ஹெட் உட்காரும் முகம், லைனர் இடங்கள், மெயின் பேரிங் வரிசை எல்லாவற்றையும் மறுபடி மெஷினில் எடுத்தாக வேண்டும். உங்கள் விரிசலுக்கு அவ்வளவு தேவையே இல்லை.

எம்-சீல் பற்றி உங்கள் மேனேஜர் சொன்னதற்கு ஒரு வார்த்தை. ஆளில்லாத இடத்தில் மாட்டிக்கொண்டு, வண்டியைப் பத்து கிலோமீட்டர் நகர்த்தி ஊருக்குள் கொண்டுவர வேண்டும் என்றால் எபாக்சி பூசலாம். நாள் முழுக்க முழு லோடில் ஓடும் கம்ப்ரசர் எஞ்சினில், சூடேறும்போது இரும்பு ஒரு அளவும் எபாக்சி இன்னொரு அளவும் விரியும், நாலைந்து தடவை சூடாகி ஆறியதும் ஓரம் பிரிந்துவிடும். ரேடியேட்டரில் ஊற்றும் கசிவு அடைப்பான் இதைவிட மோசம்; அது விரிசலை மட்டும் தேடிப்போய் அடைப்பதில்லை, ரேடியேட்டர் குழாயையும் ஆயில் கூலரையும் சேர்த்து அடைக்கும்.

உங்கள் பிளாக்குக்குச் சரியானது மெட்டல் ஸ்டிச்சிங். சூடே இல்லாமல் இரும்பை இரும்பால் தைக்கும் முறை. 1930களில் அமெரிக்காவின் டெக்சாஸ் எண்ணெய் வயல்களில் வளர்ந்த தொழில் இது; எரிவாயு சூழ்ந்த இடத்தில் வெல்டிங் தீப்பொறி ஆகாது என்பதால் இதைக் கண்டுபிடித்தார்கள். பிறகு கப்பல் எஞ்சின்களுக்குப் போய், இன்று உலகம் முழுக்க நடக்கிறது.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன், கூட நின்று பார்த்தால் உங்களுக்கே தரம் புரியும். விரிசலின் உண்மையான முனையைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி முதல் ஓட்டை. அதில் மரை போட்டு, சீலண்ட் தடவி, மரையுள்ள பின்னை முறுக்கி இறக்குவார்கள். பின்னின் மேலே தோள் மாதிரி ஒரு பகுதி பிளாக்கில் உட்கார்ந்ததும் தலையை வெட்டிவிடுவார்கள். விரிசலோடு இப்படியே இடைவெளி விட்டு ஒரு வரிசை. அடுத்த வரிசைக்கான ஓட்டைகள் இரண்டு பின்களுக்கு நடுவே, இரண்டையும் கொஞ்சம் கடித்துக்கொண்டு விழும். கடைசியில் பின்னும் பின்னும் ஒன்றுக்குள் ஒன்று ஏறி, விரிசல் இருந்த கோட்டில் பழைய இரும்பே இருக்காது, தொடர்ச்சியாகப் பின்கள்தான் இருக்கும். 6 மில்லிமீட்டர் பின் என்றால் எட்டு அங்குலத்துக்கு நாற்பது பின் அளவுக்கு ஆகும். மேலே ஏர் ஹேமரால் தட்டி, கிரைண்டரில் சமப்படுத்தி, பெயின்ட் அடித்தால் இடம் எதுவென்று தேட வேண்டும். பாரம் சுமக்கும் இடமாக இருந்தால் விரிசலுக்குக் குறுக்கே பூட்டு மாதிரி எஃகுத் துண்டுகளையும் இறக்குவார்கள். வெளிச்சுவருக்குப் பெரும்பாலும் பின்களே போதும். சுவர் கனத்தைப் பார்த்துவிட்டு அவர்களே சொல்வார்கள்.

பட்டறைக்காரரிடம் கேட்க வேண்டியது, எந்தப் பின் போடுகிறீர்கள் என்பது. சாதாரண போல்ட் மரை முறுக்கும்போது சுற்றியுள்ள இரும்பை வெளியே தள்ளும், அதாவது விரிசலைத் திறக்கப் பார்க்கும். இந்த வேலைக்கென்றே செய்யும் பின்னில் மரை கொக்கி வடிவத்தில் இருக்கும், அது இரண்டு பக்கத்தையும் உள்ளே இழுத்துப் பிடிக்கும். விலை கூடுதல், கொடுத்துவிடுங்கள். அப்புறம், வேலை முடிந்ததும் பிரஷர் டெஸ்ட் எப்படிச் செய்வீர்கள் என்று கேளுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கசியவில்லை என்று காட்டினால் ஏற்காதீர்கள். எல்லா வாயையும் அடைத்து, 80 டிகிரி சூட்டில் தண்ணீர் வைத்து, 3 அல்லது 4 பார் காற்று கொடுத்து, அரை மணி நேரமாவது முள் இறங்காமல் நிற்க வேண்டும். ஆறியிருக்கும்போது மூடிக்கொண்டு, சூட்டில் வாய் திறக்கும் விரிசல்கள் உண்டு, அதற்காகத்தான் சூடு. ஸ்டிச்சிங்குக்கு முன்பே ஒரு முறை இந்த டெஸ்ட்டைச் செய்துவிட்டால் உள் விரிசல் எதுவும் இருந்தால் அப்போதே மாட்டிக்கொள்ளும், பின்னுக்குச் செலவு செய்வதற்கு முன்.

ஊருக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டீர்கள். லேயிலிருந்து இறங்குகிற முக்கியமான இரண்டு சாலைகளும், ஸ்ரீநகர் வழியும் மணாலி வழியும், உயரமான கணவாய்களைத் தாண்டித்தான் வருகின்றன. பனி விழுந்தால் எப்போது அடைப்பார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் எஞ்சினைக் கழற்றி, சாலை திறந்திருக்கும்போதே சமவெளிக்கு இறக்கிவிடுங்கள். திருச்செங்கோடு வரை 3,000 கிலோமீட்டருக்கு மேல் லாரி வாடகை கொடுப்பதற்குப் பதில், ஜலந்தர், லூதியானா, டெல்லி பக்கத்தில் ஸ்டிச்சிங் செய்யும் பட்டறையை விசாரியுங்கள். லாரி, டிராக்டர் வேலை நிறைய நடக்கும் ஊர்கள் அவை. சீசன் முடிந்து ரிக்கே ஊருக்கு இறங்குகிறது என்றால் கணக்கு வேறு. அதே வண்டியில் எஞ்சினை ஏற்றி வந்து நம் பக்கத்திலேயே செய்துகொள்ளலாம், நீங்களும் கூட நின்று பார்க்கலாம். நானாக இருந்தால் இதைத்தான் செய்வேன்.

சோதனையில் உள் விரிசல் வந்து, பழைய பிளாக் வாங்கலாம் என்ற நிலை வந்தால், அதையும் இதே டையும் பிரஷர் டெஸ்ட்டும் செய்து பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும். கம்ப்ரசரை ஓட்டுவது லாரியின் எஞ்சின் இல்லை என்பதால் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எண்ணுக்குச் சிக்கல் வராது. கம்ப்ரசர் எஞ்சின் எண் இன்சூரன்ஸிலோ கடன் பத்திரத்திலோ இருந்தால் மட்டும் எழுத்தில் தகவல் கொடுத்துவிடுங்கள்.

இன்சூரன்ஸைப் பெரிதாக நம்ப வேண்டாம். இயந்திரங்களுக்கு எடுக்கும் காண்ட்ராக்டர்ஸ் பிளாண்ட் அண்ட் மெஷினரி பாலிசியின் வழக்கமான வாசகத்தில், மெக்கானிக்கல் பிரேக்டவுன் சேராது என்று சொல்லும் அதே பத்தியில், கூலண்ட் உறைந்து வரும் சேதமும் சேராது என்றே எழுதியிருக்கும். உங்கள் பாலிசியை எடுத்து விலக்குகள் பக்கத்தை ஒரு முறை படித்துப் பாருங்கள். தனியாகப் பணம் கட்டி அந்த விலக்கை நீக்கியிருந்தால் மட்டும் வாய்ப்பு உண்டு.

டிரைவர் விஷயம். சம்பளத்தில் பிடிக்காதீர்கள், இதை உறுதியாகவே சொல்கிறேன். வண்டியில் ஒரு கேன் கூலண்ட் கூட இல்லாமல் அவரை 3,500 மீட்டர் உயரத்துக்கு அனுப்பியது நீங்கள். கொங்கு நாட்டு வெயிலில் தண்ணீர் ஊற்றியே வண்டி ஓட்டிப் பழகியவருக்கு, இரவு தண்ணீர் உறையும் என்று யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? டீசல் உறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்தது, அதை வண்டிக்காரர்கள் கேட்டு வாங்கிப் போடுகிறார்கள். தண்ணீரைத்தான் யாரும் நினைப்பதில்லை. கசிவைப் பார்த்த ஐந்தே நிமிடத்தில் நிறுத்தினாரே, அதற்கு அந்த மனிதருக்கு நன்றி சொல்லுங்கள். இன்னும் கால் மணி நேரம் ஓட்டியிருந்தால் பிஸ்டன் லைனரைப் பிடித்து, கிராங்க்கும் போயிருக்கும். அப்போது நாம் எட்டு அங்குல விரிசலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

மறுபடி அங்கே அனுப்பும்போது கூலண்ட் பாதி, சுத்தமான தண்ணீர் பாதி. எத்திலீன் கிளைக்கால் கலவை அந்த விகிதத்தில் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது, லேயின் குளிருக்கு அது போதும். இன்னும் பத்திரமாக இருக்கட்டும் என்று கூலண்டை மட்டுமே ஊற்றிவிடக் கூடாது. தண்ணீர் கலக்காத கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைய ஆரம்பித்துவிடும். கடையில் கிடைக்கும் ரெடி மிக்ஸ் கேன்களில் விகிதம் ஒவ்வொன்றுக்கும் வேறு, லேபிளைப் படித்து வாங்குங்கள். போர் தண்ணீரைக் கலக்க வேண்டாம், அதன் உப்பு ஜாக்கெட்டில் படிந்து லைனர் சூட்டை வெளியே விடாது. டிஸ்டில்டு வாட்டர் போதும். ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கிக் கொடுத்தால் டிரைவரே ஒரு சொட்டு வைத்து உறைநிலையைப் பார்த்துவிடுவார். ரேடியேட்டர் மூடியையும் புதிதாகப் போடுங்கள்: லே உயரத்தில் மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதிக்கும். உபரியாக இரண்டு ஹோஸ், நாலு கிளிப், இருபது லிட்டர் கலந்த கூலண்ட், இவை வண்டியிலேயே இருக்கட்டும்.

எஞ்சினைக் கட்டியதும் முதல் நாளே போருக்கு அனுப்பாதீர்கள். லோடு இல்லாமல் ஒரு மணி நேரம் ஓட்டி, முழுதாக ஆறவிட்டு, ஸ்டிச்சிங் செய்த இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். வறண்டு இருந்தால் லோடு ஏற்றலாம். முதல் 50 மணி நேரம் தினமும் காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், கூலண்ட் மட்டத்தையும் டிப்ஸ்டிக்கையும் பார்த்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். 50 மணியில் ஆயிலை மாற்றி, ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். மட்டம் இறங்காமல், ஆயில் வெளுக்காமல் இருந்தால் ரிப்பேர் தாங்கிவிட்டது, மறுபடி முழு லோடில் ஓட்டுங்கள்.